கேட்டில் அதிரும் போன்கள்

பொற்கொடியைப் பார்க்க வந்த வின்சி கம்பெனி கேட்டில் நிற்கிறாள். செக்யூரிட்டி அறையின் மரத்தட்டில் அடுக்கிய போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்கின்றன. கம்பி வழியே மாலை வெயில் கோடு கோடாக அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. எல்லாத் திரையிலும் அவள் எழுதிய அதே வரி: 'மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது.' எப்போது தண்ணீர் வருமென்றே தெரியாத அந்தக் குழாய்க்காக வின்சி ஆசையாசையாகச் செய்து மாட்டிய கருவி அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமையில்தான் போட்டுப் பார்த்தாள். அன்று இந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வரும் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், கையில் போனும் இருந்தது. வேலை நாளில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "தெனமும் இப்பிடித்தாம்மா கத்துது" என்கிறார் செக்யூரிட்டி. அதிர்ந்து அதிர்ந்து தட்டின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்ட ஒரு போனை விரலால் உள்ளே தள்ளுகிறார். திரைகள் அணைகின்றன. சற்று நேரத்தில் மறுபடியும் ஒளிர்கின்றன: 'தண்ணீர் நின்றுவிட்டது.' அதற்குப் பிறகுதான் சங்கு ஊதுகிறது. ஷிப்ட் முடிந்து வரும் பொற்கொடி தன் போனை எடுத்து இரண்டையும் படிக்கிறாள். வின்சியைக் கண்டதும் முகம் மலர்கிறது. "ஒரு நாளும் தப்பலக்கா. கரெக்டா சொல்லுது."