உறை இல்லாத கால்

மாசானம் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டான்.

கபடி கபடி கபடி.

எதிரே அவன் குனிந்து நின்றான். கைகள் இரண்டும் தொடைமேல். மாசானத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தான்.

வலது முழங்காலில் கறுப்பு உறை. இடது முழங்கால் வெறுமையாக இருந்தது.

உறை போட்ட காலைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள். அடிபட்ட கால், இழுத்தால் விழுந்துவிடுவான் என்று நம்பிப் பாய்வார்கள். மாசானம் அந்தக் காலோடு அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டே கோட்டுக்குப் போய்விடுவான். அந்தக் கால் உலக்கை.

கெட்டுப்போனது மற்றது.

இந்த மைதானத்தில் அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். போன மழைக்காலம் முழுக்க அந்த முழங்காலை எண்ணெய் போட்டு நீவிவிட்டவன் அவன். உறையைக் கால் மாற்றிப் போடச் சொன்னவனும் அவன்தான்.

ஒரே ஊர். ஒரே அணி. இன்றைய ஆட்டத்துக்கு மட்டும் இருவரையும் வெவ்வேறு ஊர் அணிகள் இரவல் வாங்கியிருந்தன.

மேடையில் ஆலை அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இடம். நிரந்தர வேலை. காலையிலிருந்து அவர்கள் இந்த இருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் டீக்கடையில் மாசானம் சிரித்தபடி சொன்னான். "நம்ம ரெண்டு பேர்ல எவனுக்குக் கெடச்சாலும் சரிதாம்ல."

அவன் டீயைக் குடித்தான்.

இன்னொரு வருடம் போனால் அவனைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சினன் வீட்டுச் சோறு. தட்டில் விழும்போதே அதற்குச் சத்தம் உண்டு.

புள்ளிகள் சமம். மாசானம் பாடி வரும் இதுதான் கடைசிப் பாட்டு. அவன் பக்கம் மிச்சம் அவன் ஒருவன்தான்.

"ஏலே, அங்க நின்னு கோலமா போடுத? பிடில!"

கூட்டம் சிரித்தது.

கபடி கபடி.

மாசானத்தின் வேகம் காலில் இல்லை. இடுப்பில் இருந்தது. ஒரு கால் ஊன்றும். இடுப்பு திரும்பும். தொடை வெடிக்கும். பிடித்த கை தெறித்துப் போகும். அந்தத் திருப்பலை ஆற்று மணலில் இருவரும் சேர்ந்தே பழகியிருந்தார்கள்.

மணல் இடம் கொடுக்கும். பாதம் வழுக்கிக்கொண்டு கூடவே திரும்பிவிடும்.

பாதம் திரும்பாவிட்டால், அத்தனை பலமும் போய்ச்சேர ஓரிடம்தான் இருக்கிறது.

அதுவும் அவனுக்குத் தெரியும்.

மாசானம் வலது காலை ஊன்றினான். தொட வந்தது இடது கால்.

வேறு எவன் எதிரே நின்றிருந்தாலும் அந்தக் காலை நீட்டியிருக்க மாட்டான்.

அவன் அந்தக் காலின்மேல் பாய்ந்து விழுந்தான். இரண்டு கைகளும் கணுக்காலைச் சுற்றின. நெஞ்சு பாதத்தின்மேல் அழுந்தியது.

முறுக்கவில்லை. பிடித்தான், அவ்வளவுதான்.

மாசானம் திரும்பினான். பழகியபடியே. முழுப் பலத்தோடு.

இடுப்பு திரும்பியது. தொடை திரும்பியது. பிடிபட்ட பாதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முழங்காலில் சின்னச் சத்தம். பச்சை முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி. கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. அவன் கைகளுக்குக் கேட்டது.

மாசானம் முகம் குப்புற விழுந்தான். வலது கை முன்னே நீண்டது. விரல்களுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மண்.

கபடி.

பாட்டு நிற்கவில்லை.

கபடி.

காலில் இழுப்பே இல்லை. ஈரத்துணியைப் போல அது அவன் கையில் கிடந்தது. குரல் மட்டும் கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

பிடியை விட்டால் மாசானம் தொட்டுவிடுவான். விடாவிட்டால், மூச்சு தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

அது இப்போது சொல்லாகக்கூட இல்லை. பல்லுக்கிடையே வெளியேறும் காற்று.

அவன் பிடியை இறுக்கினான்.

காற்று நின்றது.

விசில்.

மைதானம் எழுந்து நின்று கத்தியது. அவனுடைய அணி உள்ளே ஓடி வந்தது. யாரோ அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "எந்திரில! ஜெயிச்சாச்சு! அவன் கால விடு!"

விரல்கள் தளர்ந்தன.

"விட்டுராதல."

மாசானம் மண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

"அசைஞ்சா உசுரு போவுது."

அவன் மறுபடி பிடித்தான். அதே கணுக்கால். இம்முறை இழுக்காமல், அழுத்தாமல். தன்னைத் தூக்கியவனை முழங்கையால் தள்ளினான். இப்படிப் பிடிப்பதற்குப் பலம் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். கை அசையாமல் பார்த்துக்கொண்டான்.

வண்டி கொண்டுவர யாரோ ஓடினார்கள்.

மேடையில் இருந்தவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கினார். அவன் பெயரைச் சொன்னார். மேடைக்கு வரச் சொன்னார்.

கைதட்டல்.

வண்டி வரவில்லை.

மறுபடி அவன் பெயர். இம்முறை ஊரையும் சேர்த்து.

"ஒன்னத்தாம்ல கூப்பிடுதாவ. போ. இத நான் பிடிச்சுக்கிடுதேன்." யாரோ பக்கத்தில் குந்தி, மாசானத்தின் காலை நோக்கிக் கைகளை நீட்டினார்கள்.

மாசானம் மண் அப்பிய முகத்தை மெல்லத் திருப்பினான். மேடையைப் பார்த்தான்.

பிறகு, தன் காலை இன்னும் பிடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தான்.