கதவு மூடும்வரை

ஏறியவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

புது வண்டி. புகை இல்லை, உறுமல் இல்லை. முன்கண்ணாடியில் பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. நிறுத்தத்து வேப்பமரத்தின் அடிமரத்தில் மட்டும் பழைய வண்டிகளின் கரி அப்பியிருந்தது.

"மேல வாங்கம்மா," என்றார் கண்டக்டர். "கதவு மூடலைன்னா வண்டி நகராது."

"நகரவே நகராதா?"

"டிரைவரே நினைச்சாலும் நகராது. நாங்க சொல்றதக் கேக்குற வண்டி இல்லம்மா இது."

பெருமையாகத்தான் சொன்னார்.

அவளை அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவரைத் தெரியும். போன வருடம் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை முழுக்க அவள் மகனின் ரத்தம்.

இதே தடம். பாலத்து வளைவில் படியிலிருந்து விழுந்தான். கல்லூரிக்குப் போகிறவன்.

அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்தாள். பிறகு கையைச் சற்று மேலே நகர்த்தினாள். அவன் அவளைவிட உயரம்.

கதவு மூட வந்தது. அவள் தோள் பட்டதும் விலகிக்கொண்டது.

மறுபடி வந்தது.

மறுபடி விலகியது.

உள்ளே முணுமுணுப்பு எழுந்தது.

"அக்கா, வேடிக்கை பாக்கணும்னா இறங்கிப் பாருங்க. எங்களுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

"பழைய வண்டின்னா இந்நேரம் பாலத்தையே தாண்டியிருப்போம்," என்றது இன்னொரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வண்டி நின்றுகொண்டே இருந்தது. அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, படியில் நிற்கும் ஒருத்திக்காக.

அவளுக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றிருந்தது.

"பழைய வண்டியில கதவக் கட்டி வெச்சிருப்பீங்களே," என்றாள். "நீலக் கயிறு."

"ஆமாம்மா. ஒரு தடவ மூடுனா தெறக்காது, அந்தச் சனியன். அதான் காலையில வந்ததும் மொத வேலையா நானே இழுத்து..."

நிறுத்தினார்.

அவள் முகத்தைப் பார்த்தார். கம்பியின் மேலே எட்டிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

அவள் கையை எடுத்தாள். படியேறிக் கூட்டத்துக்குள் போனாள்.

கதவு மூடிக்கொண்டது. ஒரு விரல் நுழையவும் இடமில்லை.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"ரைட்டாண்ணே?"

விசில் கண்டக்டரின் உதட்டில்தான் இருந்தது.

வண்டி நகரவில்லை.