நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு

பின்பக்கப் படிக்கட்டில் வாளியக்கா கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். தோளில் ஒரு பெரிய பை. பை நிறைய, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் எறிந்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்கள்.

அந்த அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள். கையில் எப்போதும் வாளி இருக்கும், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

பிடித்தவன் ஆய்வுப் பிரிவுக்காரன். சாப்பாடு கட்டித் தருகிற டப்பாவும் கவரும் உடம்புக்கும் ஊருக்கும் என்ன கெடுதல் செய்கின்றன என்று சோதித்து எழுதுவதுதான் அவன் உத்தியோகம். 'டப்பா சார்' என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

அன்றைக்கு அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. நாலு மணிக்கு இயக்குநர் கையில் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கறுப்பு டப்பாவைத்தான் மூன்று மாதமாகத் தன் அலுவலகத்திலேயே சோதித்துப் பார்த்திருந்தான். நல்ல டப்பா என்று எழுதிவிட்டால், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இனி சாப்பாடு இதில்தான் போகும். நூறு டப்பா போட்டால் தொண்ணூற்று நாலை மறுசுழற்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவன் சர்வீசில் எந்த டப்பாவும் இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

முதல் வாரம் மட்டும் நூற்றுக்குப் பதினொன்றுதான் தேறியது. அதற்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. அந்த வாரக் கடைசியில்தான் ஊழியர்களைக் கூட்டிவைத்து, குப்பையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். பிறகு மார்க் ஏறிவிட்டது. 'விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பிறகு ஊழியர்கள் பொறுப்போடு நடந்துகொண்டனர்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினான். எழுதும்போது அவனுக்கு மனசு குளிர்ந்துதான் போனது.

இப்போது என்னடாவென்றால், எண்ணிக்கைக்குப் போக வேண்டிய டப்பா படி இறங்கிப் போகிறது.

"வீட்டுக்கா அக்கா எடுத்துட்டுப் போறீங்க?" என்றான். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு பாடமும் எடுக்க ஆரம்பித்தான். இது ஒரு தடவை சாப்பிட்டுத் தூக்கிப் போடுகிற டப்பா, திரும்பத் திரும்பச் சூடாக எதையாவது போட்டால் பிளாஸ்டிக்கில் இருப்பதெல்லாம் சாப்பாட்டில் இறங்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது என்று அடுக்கிக்கொண்டே போனான்.

அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். "வீட்டுக்கு இல்ல சார். வாங்களேன், நீங்களே பாருங்க" என்று இறங்கி நடந்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற இடத்தின் மூலையில் ஒரு குழாய் இருந்தது. அக்கா அங்கே குந்தி உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்துப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். காய்ந்ததும் மறுபடி நீலத் தொட்டியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவாளாம்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பைக்குப் போகிற டப்பாவை எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்டான்.

"சோறும் எண்ணெயுமாப் போனா அவங்க எடுத்துக்க மாட்டாங்க தம்பி." சார், தம்பியாகிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "ஒதுக்கிக் கொண்டாந்து எரிச்சிடுவாங்க. எரிக்கிற எடம் எங்க தெருக் கோடியில. முதல் வாரம் இந்தக் கறுப்பு டப்பாவைக் குவிச்சு எரிச்சாங்க. என் சின்னவளுக்கு மூச்சு இழுத்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம். அதுலேர்ந்து கழுவிடறேன். சோப்பு என் வீட்டு சோப்புதான். மேல சொல்லிடாதீங்க, தண்ணிய வீணாக்கறேன்னு வேலைய விட்டு எடுத்துடுவாங்க."

டப்பா சார் மனசுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். முதல் வாரம் பதினொன்று, பிறகு தொண்ணூற்று நாலு. ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசினானே, அந்தப் பேச்சைக் கேட்டு ஒருத்தரும் ஒரு டப்பாவைக்கூட அலசிப் போடவில்லை.

அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: "இதையே பள்ளிக்கூடத்துக்கெல்லாம் குடுக்கப் போறாங்களாமே. அங்க யாரு தம்பி கழுவுவாங்க?"

அவன் குனிந்து ஒரு டப்பாவை எடுத்தான். மூடியில் பெரிய எழுத்தில் 'உப்பு குறைவு' என்று அழியாத மையில் எழுதியிருந்தது. ரத்தக் கொதிப்புக்காக அந்த அலுவலகத்தில் உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். உள்ளே குழம்பு உறைந்து கிடந்தது. அதன் மேல், வாய் துடைத்துக் கசக்கிய காகிதம்.

"குடுங்க, சட்டையில பட்டுடப் போகுது" என்று அக்கா அதை வாங்கிக் கழுவினாள்.

நாலு மணிக்கு இயக்குநர் பேனாவைத் திறந்துகொண்டு அறிக்கையைப் புரட்டினார். தொண்ணூற்று நாலு அடிக்கப்பட்டு, பக்கத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தது. டப்பா வேண்டாம் என்றும் எழுதியிருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாத வேலையை இப்படி ஒரே நாளில் கவிழ்த்தால் என்ன அர்த்தம், பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, "நம்ம ஸ்டாஃப் எவ்வளவு பொறுப்பானவங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்றார்.

அவன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தான். 'உப்பு குறைவு' என்ற மூடியோடு அது புதுசு போலப் பளிச்சென்று இருந்தது.

"இது இன்னிக்கு நான் சாப்பிட்டுப் போட்ட டப்பா சார். கழுவினது நான் இல்ல."