வீட்டுக்கு ஓர் ஆண்

ஊர்க்குழு அலுவலக முற்றத்தில் மேசை போட்டு, கோங் குலத்து ஆண்களின் விரலில் போலீஸ்காரர்கள் ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பருத்திக்காட்டில் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அவனுடைய ரத்தக்கறை மட்டும் பத்திரமாக இருக்கிறதாம்.

அப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கும் அடையாளம் ஒன்று ரத்தத்தில் உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு ஓர் ஆண் போதும். அவனை வைத்தே அப்பன், அண்ணன், தம்பி எல்லாரையும் பிடித்துவிடலாம்.

ஊரே கோங் குலம் என்பதால் வேறு குலப்பெயர்க்காரர்களை அவர்கள் கூப்பிடவில்லை.

என் அப்பாவுக்கு ஆண் வாரிசு கிடையாது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஜாய் யுன்ஷெங்கை எனக்குக் கட்டிவைத்து வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கினார். பிறந்தவனுக்கு எங்கள் குலப்பெயரையே வைத்தோம். கோங் போவென்.

அதற்காக நான் வாங்கிய குத்தல் பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கும் பெரியப்பா மகன் வரிசையில் நின்றபடி இளித்தான்.

"உன் புள்ளைக்கு எதுக்கு ஊசி? அவன் என்ன கோங்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய், லீவுக்கு வந்திருந்த மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாவு பிசைந்த கையோடு என் வீட்டுக்காரர் வாசலை மறித்தார்.

"விட்டுடு சியூலான். அவன் பேருக்குத்தான் கோங், ரத்தம் என்னோடது. அதைச் சொன்னா போலீஸே வேணாம்னுடும்."

பிள்ளைக்குத் தன் பெயர் இல்லையே என்று ஒருநாளும் முகம் சுளிக்காத மனுஷன்.

"இத்தனை வருஷம் வாயைத் தொறக்கல. இப்பத்தான் உங்க ரத்தம் ஞாபகம் வந்துச்சா?"

அவர் வழிவிட்டார்.

மேசைமேல் மகனின் விரலை நானே பிடித்து நீட்டினேன். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று பெயரையும் நானே உரக்கச் சொன்னேன். பெரியப்பா மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

திரும்பி வந்தபோது அவர் கொல்லையில் நிலக்கரியை அள்ளிக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

"முடிவு எப்ப வருமாம்?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த வாரமாம். இப்ப எதுக்கு இந்த வேலை?"

அவர் வழக்கமாகத் தோளில் தூக்கிவரும் பெரிய மூட்டைகளையெல்லாம் பிரித்துக் கொட்டியிருந்தார். நான் தனியாகத் தூக்கக்கூடிய அளவுக்கு, சின்னச் சின்னச் சாக்குகளில் கட்டிக்கொண்டிருந்தார்.