பின்படிக்கட்டு

அவர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

விமானம் நிரம்பிவிட்டதாம். டிக்கெட் இருந்தும் நான்கு பேருக்கு இடமில்லையாம். நாளைக் காலையில் அனுப்பிவைப்பார்களாம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். சீட்டு எண்ணை விமானம் ஏறும் வாசலில் தருகிறோம் என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்தவனும் இவன்தான்.

சென்னையில் மகளுக்கு மூன்று மணிக்கு ஆபரேஷன். அம்மா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று படுக்கையில் கிடந்து அடம்பிடிக்கிறாள்.

ஆனாலும் தலையாட்டினார்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை மிரட்டிய கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் பிள்ளைப்பூச்சி.

"கொஞ்சம் தள்ளுங்க."

மனைவி.

திருச்செந்தூர் பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் கண்டக்டராகக் கத்தித் தேய்ந்த குரல் அது. அப்பா செத்ததும் வாரிசாகக் கிடைத்த வேலை. டெப்போவிலேயே ஒரே பெண் கண்டக்டர்.

மகளின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குக் கீழே 'அரசு ஊழியர்' என்று அச்சடித்தவர் அவர். நிறுத்தத்தில் அவள் பஸ் வந்து நின்றால் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வார். அடுத்த பஸ்ஸில் போவார். ஒருநாளும் அவள் பஸ்ஸில் ஏறியதில்லை.

இப்போது எல்லோரும் பார்க்கக் கத்தப்போகிறாள். மானம் கப்பலேறும் என்பார்கள். இன்று விமானமே ஏறப்போகிறது.

அவள் கத்தவில்லை.

"வண்டில எத்தன சீட்டு தம்பி?"

"எழுபத்திரண்டு மேடம். எல்லாமே ஃபுல்..."

"ஏறுனது அறுபத்தெட்டு. கைக்குழந்த மூணு, அது மடிலதான் வரும். அத நான் சேக்கல."

இளைஞன் முதல்முறையாக நிமிர்ந்தான்.

அவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரமும் வாசலைப் பார்த்தபடி அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகளுக்காகச் சாமி கும்பிடுகிறாள் என்றல்லவா நினைத்தார்.

தலை எண்ணியிருக்கிறாள்.

இளைஞன் மென்று விழுங்கினான். மிச்சமுள்ள இடம் யாரோ பெரிய மனிதர் வீட்டாருக்காம். வந்துகொண்டே இருக்கிறார்களாம்.

"எடமில்லன்னா டிக்கெட் கிழிக்கக் கூடாது. கிழிச்சா ஏத்தணும். இதுதான தம்பி தொழிலு?"

ஓய்வு பெற்றும் கொண்டையில் பேனா செருகும் பழக்கம் அவளுக்குப் போகவில்லை. உருவினாள். பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"சீட்டு இருக்கு, இந்த நாலு பேரையும் ஏத்தமாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நாலு பேர் என்றாள்.

ஃபைலை மார்போடு அணைத்திருந்த கல்லூரிப் பெண்ணும், ஒரு கண்ணில் கட்டுப்போட்டிருந்த மனிதரும் எப்போதோ வந்து அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். தானும் அங்கேதான் நிற்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பேனா அப்படியே கிடந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். பேனாவைப் பார்த்தார். போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார்.

நான்கு போர்டிங் பாஸ்கள் அச்சாகி வந்தன.

இருபத்தொன்பது வருடமாக இந்த மனுஷி தினமும் எத்தனை நூறு பேரை இப்படி ஊர் சேர்த்திருப்பாள். ஊரே பார்த்திருக்கிறது. பார்க்காமல் விட்டது அவர் ஒருவர்தான்.

வெயிலில் நடந்து போனார்கள். சின்ன விமானம். படிக்கட்டு பின்பக்கம் இருந்தது.

அவள் ஏறவில்லை. படியோரம் ஒதுங்கி நின்றாள். கல்லூரிப் பெண்ணை ஏற்றினாள். கண்கட்டுக்காரரின் முழங்கையைத் தாங்கி ஏற்றினாள். அவரைப் பார்த்து, "ம்" என்றாள். ஏறினார். அவள் கை அவர் முதுகில் பட்டும் படாமல் இருந்தது.

ஓடி வருகிற ஆள் யாரும் உண்டா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியாக அவள் ஏறினாள்.

கதவு மூடியது. பணிப்பெண் தலைகளை எண்ணியபடி நடந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் உதடும் அசைந்தது. எழுபத்திரண்டில் நின்றது.

விமானம் இன்னும் நகரவில்லை.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும்.

"ரைட்... போலாம்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.