கரைக்கு வந்த அடையாளம்

“யோரிஸ் வீட்டுப் படகைக் கொளுத்துங்க! அப்பத்தான் கடவுளோட கோபம் ஆறும்!”

திமிங்கலத்தின் முதுகில் ஏணி வைத்து ஏறி நின்றுகொண்டு போதகர் அட்ரியான் கத்தினார். அந்தப் பெரிய உடம்பு மணலில் கிடந்து நாறிக்கொண்டிருந்தது. ஆனாலும் லெய்டன் நகரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தபடியே இருந்தது. பீர் விற்கிறவன் ஒரு பக்கம், வறுத்த மீன் விற்கிறவள் ஒரு பக்கம். ஸ்பானியன் படையெடுத்து வரப்போகிறான், அதற்குத்தான் இந்த அடையாளம் என்று ஆளுக்கு ஆள் கிசுகிசுத்தார்கள்.

லெய்ஸ்பெத் தன் படகில் முதுகைச் சாய்த்து நின்றாள். கணவன் யோரிஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். பீப்பாய் செய்கிற கோவெர்ட் தீப்பந்தத்தோடு எதிரே வந்தான்.

“தள்ளிக்கோ லெய்ஸ்பெத்.”

“என்னையும் சேத்துக் கொளுத்து. படகு இல்லாம குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து சாகறதுக்கு இது எவ்வளவோ மேல்.”

“உனக்குப் பயமே கிடையாதா? கடவுள் அனுப்பின மீன் இது!”

“நேத்து உன் பொண்டாட்டி இதோட வாய்க்குள்ள தலையை விட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தாளே, அவளுக்குப் பயமா இருந்துச்சாமா?”

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். போதகருக்கு முகம் சிவந்தது.

“சிரிக்காதீங்க! யாரும் வேலை செய்யக்கூடாத ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள்ல இந்த வீட்டுப் படகு கடலுக்குப் போச்சு. கண்ணால பாத்தவங்க இருக்காங்க. மறுநாள் விடியறப்போ இது கரையில கிடக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போகலைன்னு சொல்லு பாக்கலாம்!”

யோரிஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். “வேணாம், வாயைத் திறக்காதே” என்று முணுமுணுத்தான்.

“படகே போகப்போகுது. இனி எதுக்கய்யா மறைக்கணும்?” கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள் லெய்ஸ்பெத்.

“போகலைன்னு நான் ஏன் சொல்லணும்? நீங்க சொன்னதுல ஒரு பொய்யும் இல்லை, போதகரே. நாங்க ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போனதாலதான் இது இங்க வந்துச்சு. செத்து மிதந்து இங்கிலாந்துப் பக்கமா போய்க்கிட்டிருந்ததை, எண்ணெய்க்கு ஆகுமேன்னு கயிறு கட்டி இழுத்துட்டு வந்ததே நாங்கதான். கீழே இறங்குங்க, அது எங்க மீன்!”