வலையின் மறுமுனை

தடைக்காலத்தில் மீன் பிடித்த வள்ளம் ஒன்றைக் காவல் படகு இழுத்துவந்து துறையில் கட்டியது. மாலைக்குள் அதை உடைத்துவிடுவார்கள்.

"வெள்ளை பெயின்ட் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றது வள்ளம். "ஆனா மூக்குல பாறை இடிச்ச தழும்பு மறையலையே."

காவல் படகும் ஒரு காலத்தில் மீன்பிடிப் படகுதான். ஒரே வலையின் இரு முனைகளைப் பிடித்து இரண்டும் பல வருடம் சேர்ந்து இழுத்திருக்கின்றன.

"மத்திக் கூட்டத்தைக் கண்டா நீதான் முதல்ல கத்துவ," என்றது காவல் படகு. உடனே குரலை இறுக்கிக்கொண்டது. "அதுக்காக விட முடியுமா? தப்பு தப்புதான்."

"தப்புதான். நான் இல்லைன்னு சொல்லலையே. என் பக்கத்துல ஒரு இரும்புக் கப்பல் கடலையே வாரிக்கிட்டு நின்னுச்சே, அது எங்க?"

"ஓடிப்போச்சு. என் இன்ஜின் பழசு, துரத்த முடியல. உன்னையும்தான் பிடிச்சிருக்க முடியாது, நீ எப்பவும் என்னைவிட வேகம். ஏன் ஓடல?"

வள்ளம் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு காவல் படகின் பக்கம் சாய்ந்தது.

"உன் இன்ஜின் சத்தம் கேட்டுச்சு. வலையோட மறுமுனையைப் பிடிக்கத்தான் வர்றன்னு நினைச்சு நின்னுட்டேன்."